கல்லுன்னு முதல்ல சொன்னது நான்

அப்பிடி இல்ல தம்பி. என் பக்கமாத் திரும்பி உக்காந்து, கையை வச்சுக் காட்டுங்க. எங்கன வலிக்கு? இடுப்புக்குப் பின்னாலயா? ம். அங்க இருந்து சுத்திக்கிட்டு முன்னால வந்து, தொடை இடுக்கு வரைக்கும் இறங்குதா? விட்டு விட்டு வருதா? வந்தா நிக்க முடியல, உக்கார முடியல, பாயில புரண்டுக்கிட்டே கெடக்கணும் போல இருக்கா? போதும். கிட்னியில கல்லு. ஸ்கேனே வேண்டாம், நீங்க எந்திச்சு வீட்டுக்குப் போகலாம்.

சும்மா சொன்னேன், உக்காருங்க. எடுத்துக்கிடுங்க. நான் சொன்னது சரிதானாங்கது எனக்கும் தெரியணும்லா.

இவனுக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கீங்க. இந்தச் சிமிழைத் திறங்க. குங்குமம் இல்ல, பயப்படாதீங்க. உள்ள பஞ்சுக்கு மேல கெடக்கு பாருங்க, அரிசி நொய் மாதிரி. அது என் கல்லு. என் கிட்னியில இருந்தது. இத்தனூண்டு சாமான் என்னை என்ன பாடு படுத்திச்சுங்கீங்க! தண்ணி தண்ணியாக் குடிச்சு, டாக்டர் எழுதின மாத்திரையை முழுங்கி, ஒரு நாள் காலையில 'டிணுக்'னு விழுந்துச்சு. எடுத்துக் கழுவி வச்சுக்கிட்டேன். சிமிழு நம்ம கடைச் சரக்குதான். மூடிக் குடுங்க, காத்துல பறந்துராம.

என் பேரு ஆவுடையப்பன். அம்பாசமுத்திரத்துல பாத்திரக்கடை. எனக்கு ஒண்ணும் இல்ல, துணைக்கு வந்திருக்கேன். அந்தா, கவுண்டர்ல ஒல்லியா, குடையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிக்காருல்லா, அவரு என் சம்பந்தி. அம்பலவாணன். தபால் ஆபீஸ்ல வேலை பாத்து ஓய்வானவரு. சேரன்மகாதேவியில வீடு. என் மக கோமுவை அவரு மகனுக்குத்தான் குடுத்திருக்கு. சம்சாரம் தவறிப் பல வருசமாச்சு. வீட்டுல அவரு, மகன், என் மக, அம்புட்டுதான். அவருக்குத்தான் இன்னைக்கு ஸ்கேன்.

நேத்துச் சாயந்திரம் போன் பண்ணினாரு. "சம்பந்தி, நாளைக்கு ஸ்கேன், ஆபரேஷன் பண்ணின இடத்தைப் பாக்கணுமாம். வெறும் வயித்துல இருக்கச் சொல்லியிருக்கு. துணைக்கு வாரீங்களா?"ன்னாரு. எனக்கு எப்பிடி இருந்துச்சுங்கீங்க! கண்ணுல தண்ணியே வந்துட்டு. ஏன்னா அந்த மனுஷன் என் வீட்டுல கை நனைச்சு மூணு மாசமாச்சு. வருவாரு, உக்காருவாரு, வெந்நி குடிப்பாரு, போயிருவாரு. ஒரு வாய் சோறு கெடையாது. சம்பந்தி வீட்டுல சாப்பிடாமப் போறவரு இன்னைக்குத் துணைக்குக் கூப்பிடுதாருன்னா மனசு இறங்கியிருக்குன்னுதானே அர்த்தம்? அதனால நானும் காலையில காப்பி கூடக் குடிக்கல. பட்டினியா இருக்க மனுஷன் முன்னால காப்பி வாடையோட போயி நிக்கலாமா? மரியாதை இல்லியே.

என்ன சண்டைன்னு கேக்கீங்களா? சண்டையே இல்ல. கல்லுன்னு முதல்ல சொன்னது நான். அதுக்கு எனக்குக் கெடைச்ச பேரு இருக்கே, அதைத்தான் சொல்ல வாரேன்.

நீங்க எந்த ஊரு? மதுரையா? அப்ப உங்களுக்குச் சொதி தெரியாது. எங்க பக்கத்துல கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாளுகளுக்குப் பொண்ணு வீட்டுச் சாப்பாடு சொதிதான். தேங்காயை ஆட்டிப் பால் எடுக்கணும். தண்ணிப்பால்ல உருளைக்கிழங்கு, முருங்கைக்கா, பீன்ஸ் எல்லாம் வேகணும், பாசிப்பருப்பைச் சேக்கணும், கடைசியில கெட்டியான தலைப்பாலை ஊத்தி இறக்கணும். தொட்டுக்கிட இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குச் சிப்ஸ். அந்தச் சொதி நல்லா அமைஞ்சா கல்யாணமே நல்லா நடந்த மாதிரி. அமையலன்னா, நீங்க எத்தனை பவுன் போட்டாலும் பேச்சு சொதியைப் பத்தித்தான் இருக்கும்.

கோமு கல்யாணத்துல நடந்துச்சு பாருங்க. பந்தி உக்காந்தாச்சு. சொதி விளம்பியாச்சு. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஒருத்தரு, பெரிய மீசை, ஒரு வாய் வச்சாரு. கரண்டிக்காரனை நிறுத்தி, மண்டபம் பூராக் கேக்க, "என்ன, உங்க ஊருல தேங்கா விலை ஏறிப் போச்சோ?"ன்னாரு. பாதி இலையில எந்திச்சும் போயிட்டாரு. எனக்கு அந்த இடத்துலயே உசுரு போயிருக்கலாம். கையில நெய்க்கிண்ணத்தோட அப்பிடியே நிக்கேன்.

அப்ப நம்ம அம்பலவாணன், தாய்மாமனுக்கு அடுத்த இலைக்காரரு, என்னைப் பாத்து, "சம்பந்தி, எனக்கு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தச் சொல்லுங்க"ன்னாரு. ஊத்தினோம். மறுபடியும் கேட்டாரு. மறுபடியும் ஊத்தினோம். இலையை வழிச்சு நக்காத குறை. எந்திக்கும்போது எல்லாருக்கும் கேக்கும்படி, "இந்த வீட்டு இலையில நான் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டேன்"ன்னுட்டுப் போனாரு. அன்னைக்கே நான் கண்டுபிடிச்சுட்டேன் தம்பி. மனுஷனுக்குச் சொதின்னா உசுரு.

நாம பாத்திரக்கடைக்காரன். ஒரு ஆளுக்கு என்ன பிடிக்கும்னு மூஞ்சியைப் பாத்தே சொல்லிருவேன். அதுக்குப் பெறவு அவரு எப்ப வந்தாலும் எங்க வீட்டுல சொதிதான். என் வீட்டுக்காரி பிரமு, தலைப்பாலையே ரெண்டு மடங்கா ஊத்துவா. சோத்துக்கு நெய் தனி. இலையில சொதி விழுந்ததும் அவரு ஒரு நிமிஷம் கண்ணை மூடுவாரு. சோத்துக்கு முன்னால சாமி கும்பிடுத மனுஷங்களை இந்தக் காலத்துல எங்க பாக்க முடியுது? ஒரு தடவை மட்டும், "ரசம் இருந்தா கொஞ்சம்…"ன்னு மெதுவா இழுத்தாரு. வீட்டுக்கு வந்த சம்பந்திக்கு வெறும் ரசத்தை ஊத்தி அனுப்ப முடியுமா? "என்ன சம்பந்தி கூச்சப்படுதீங்க"ன்னு இன்னொரு கரண்டி சொதியை நானே ஊத்தினேன்.

ஆனி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. சாப்பிட்டு முடிச்சுச் சாய்வு நாற்காலியில உக்காந்திருக்காரு. திடீர்னு முகம் வேர்த்துட்டு. கை வலது பக்கம் போச்சு. கொல்லைக்குப் போயி வாந்தி. கோமு பதறிட்டா. நான் பதறல. "சம்பந்தி, எந்தப் பக்கம் வலிக்கு?"ன்னேன். "வலது பக்கம்"ன்னாரு. முடிஞ்சு போச்சு. எனக்கும் வலது பக்கம்தான். "கல்லு!"ன்னேன். அந்த இடத்துலயே, ஒரு ஸ்கேன் இல்லாம, ஒரு ஊசி இல்லாம, சொன்னேன் தம்பி.

"முன்னால, விலாவுக்குக் கீழ வலிக்கு சம்பந்தி. தோள்பட்டைக்கும் ஏறுது"ன்னாரு அவரு. வலியில இருக்க ஆளு முன்னால பின்னால மாத்திச் சொல்லத்தான் செய்வாரு. நான் அதைப் பெருசா எடுத்துக்கிடல.

மறுநாள்ல இருந்து வைத்தியத்தை நான் கையில எடுத்தேன். தினமும் காலையில வாழைத்தண்டு ஒண்ணு வெட்டி, முதல் பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து அனுப்பினேன். கோமு சேரன்மகாதேவியில வாங்கி, சாறு எடுத்துக் குடுக்கணும். பார்லித் தண்ணி வேற. கடையில இருந்து பெரிய செம்பு ஒண்ணு எடுத்து, "சம்பந்தி, இதுல நெறைய நெறையத் தண்ணி குடிக்கணும், கல்லு தானா வந்துரும்"னு குடுத்தேன். மறுப்பு ஒண்ணும் சொல்லல, வாங்கிக்கிட்டாரு. நல்ல மனுஷன். எதைக் குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லத் தெரியாது.

பத்தியமும் நான்தான் சொன்னேன். எனக்குக் கல்லு இருந்தப்ப தக்காளி ஆகாது, கீரை ஆகாதுன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. அதனால, "கோமு, ரசத்தை நிறுத்து, கீரையை நிறுத்து"ன்னுட்டேன். அப்ப உடம்புக்குத் தெம்பு எங்க இருந்து வரும்? நெய்யி, தேங்காப்பால். ஞாயித்துக்கிழமை இங்க வந்தா சொதி. கல்லுக்கும் சொதிக்கும் ஒரு பகையும் கெடையாதே!

கோமுதான் சந்தேகப்பட்டா. "அப்பா, நம்ம வீட்டுல சாப்பிட்ட பெறவுதான் மாமாவுக்கு வலி வருது, கவனிச்சீங்களா?"ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்த மீசைக்காரன் பேச்சை என் மகளே பேசுதாளேன்னு இருந்துச்சு. "வலி வந்தா கல்லு நகருதுன்னு அர்த்தம். நல்ல சேதி"ன்னேன். "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருவோம்பா"ன்னா. "ஏன், உங்க அப்பன் சொன்னா காணாதா?"ன்னேன். சம்பந்தி அதைக் கேட்டுக்கிட்டு, "உங்க அப்பா சொல்லுதது சரியாத்தான் இருக்கும்மா"ன்னு அவளை அடக்கிட்டாரு.

ஆடி கடைசியில ஒரு நாள் போன் பண்ணினாரு. "சம்பந்தி, மூத்திரம் டீ டிகாஷன் மாதிரி போகுது"ன்னாரு. எனக்குச் சந்தோசம் தாங்கல. கல்லு கரைஞ்சு வருதுன்னு நினைச்சேன். பிள்ளையாருக்கு ஒரு தேங்கா உடைச்சுட்டு வந்தேன். பிரமுகிட்ட, இந்த ஞாயித்துக்கிழமை சொதி விசேசமா இருக்கணும்னேன்.

ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கல. வெள்ளிக்கிழமை காலையில கோமு விளக்கேத்தி ஆரத்தி காட்டும்போது பாத்திருக்கா. மாமனாருக்குக் கண்ணு ரெண்டும் மஞ்சளாக் கெடக்கு. உடம்பு குளிர்ல நடுங்குது. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஆட்டோவைப் பிடிச்சுத் திருநெல்வேலிக்குக் கொண்டு வந்துட்டா.

நான் வாழைத்தண்டுச் சாறோட ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். அங்க ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, என் கையில இருந்த பாட்டிலைப் பாத்துட்டு, "அது என்ன சார்?"ன்னுச்சு. சொன்னேன். உக்கார வச்சுப் பாடம் எடுத்துட்டு. அது கிட்னிக் கல்லு இல்லியாம், பித்தப்பைக் கல்லாம். ஈரலுக்குக் கீழ ஒரு சின்னப் பை இருக்காம். நாம நெய்யி, எண்ணெய், தேங்காப்பால் சாப்பிட்டா அந்தப் பை சுருங்கிப் பித்தத்தைப் பிழிஞ்சு விடுமாம். பைக்குள்ள கல்லு இருந்தா அப்பத்தான் வாயை அடைச்சு வலிக்குமாம். முன்னால, வலது விலாவுக்குக் கீழ, சாப்பிட்ட பெறவு, தோளுக்கு ஏறும். வாந்தி வரும். கிட்னி வலின்னா சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அது முதுகுப் பக்கம் பிடிச்சுக் கீழ இறங்கும், மூத்திரத்துல ரத்தம் கூட வரலாம். "நீங்க குடுத்த தண்ணி எல்லாம் கிட்னிக்குத்தான் சார் போச்சு. பித்தப்பைக்குள்ள ஒரு சொட்டு போகாது. இவருக்குக் கல்லு நழுவிக் குழாயில விழுந்து அடைச்சிருக்கு, அதுலதான் காமாலையும் காய்ச்சலும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா உசுருக்கே ஆபத்து"ன்னுச்சு.

நான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "டாக்டரம்மா, கல்லா, இல்லியா?"

"கல்லுதான் சார், ஆனா…"ன்னுச்சு.

அந்த 'ஆனா'வை யாரு கேட்டா? கல்லுன்னு நான் சொன்னேன், கல்லு இருந்துச்சு. எந்த வீட்டுல இருந்துச்சுங்கதுதானே பாக்கி?

முதல்ல வாய் வழியாக் குழாயை விட்டு, அடைச்சிருந்த கல்லை எடுத்தாங்க. காய்ச்சல் அடங்கின பெறவு வயித்துல சின்னச் சின்னத் துளை போட்டு அந்தப் பையையே எடுத்துட்டாங்க. கிட்னிக் கல்லு சின்னதா இருந்தா என்னோடது மாதிரி தானா வெளிய வரும், பெருசா இருந்தா உடைச்சு எடுப்பாங்களாம். இது அப்பிடி இல்ல. தொந்தரவு குடுக்க ஆரம்பிச்சுட்டா பையோட எடுக்கதுதான் வழியாம். பை இல்லாம மனுஷன் இருக்கலாமாம். எடுத்த கல்லை ஒரு பாட்டில்ல போட்டுக் குடுத்தாங்க. அடேயப்பா! ஒவ்வொண்ணும் ஊறப்போட்ட கொண்டக்கடலை கணக்கா, மஞ்சளா, மினுமினுன்னு. என் கல்லை அதுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தேன். கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு.

ஆஸ்பத்திரி வராந்தாவுல வச்சுக் கோமு ஒண்ணு கேட்டா. "மாமாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப்பா அந்த வீட்டுல இருப்பேன்?" அவ்வளவுதான் கேட்டா. அழக் கூட இல்ல. எனக்கு நெஞ்சுல தீயை வச்ச மாதிரி இருந்துச்சு தம்பி. நான் என்ன கெடுதலா நினைச்சேன்? சம்பந்தி நல்லா இருக்கணும்னுதானே விடிஞ்சும் விடியாம வாழைத்தோட்டத்துல போயி நின்னேன்?

அதுல இருந்து அவரு எங்க வீட்டுல சாப்பிடல. டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் சாப்பிடலாம்னு சொல்லியாச்சு. ஆனா எங்க வீட்டுக்கு வந்தா மட்டும், "வயிறு ஒரு மாதிரி இருக்கு"ங்காரு. பிரமு சொதியை வச்சுட்டு உக்காந்திருப்பா. கடைசியில அதை நான்தான் குடிக்கணும். வாயைத் திறந்து திட்டினாலாவது பரவால்ல. சிரிச்ச மூஞ்சியோட வெந்நி குடிச்சுட்டுப் போறாரு பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. இன்னைக்கு விடுததா இல்ல. ஸ்கேன் முடிஞ்சதும் நேரா அம்பாசமுத்திரம். பிரமு இந்நேரம் தேங்கா துருவிக்கிட்டு இருப்பா.

எனக்கா? எனக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன். அப்பப்ப இங்கன, வலது விலாவுக்குக் கீழ லேசாப் பிடிக்கும். அது வாய்வு. தோள்பட்டை வரைக்கும் ஒரு இழுப்பு இழுக்கும். கடையில குத்துவிளக்கைத் தூக்கி வைக்கேன்லா, சுளுக்கு. போன வாரம் மச்சினன் வீட்டு வளைகாப்புல நெய் ஒழுகுத மைசூர்பாவு, நாலு உள்ள போச்சு. கொஞ்ச நேரத்துல வேர்த்து, வாந்தி வந்து, ஒரே அமளி. வெயில்தான் காரணம். சம்பந்தி பக்கத்துலதான் இருந்தாரு. "சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு வந்துச்சு? எங்க ஏறுச்சு? இதுக்கு முன்னால வந்திருக்கா?"ன்னு துருவித் துருவிக் கேட்டாரு. தபால் ஆபீஸ்காரருல்லா, அட்ரஸ் கேட்ட பழக்கம். கோமு கூட ஸ்கேன் எடுங்கப்பான்னா. யாருகிட்ட? என்கிட்டயா? கல்லைப் பத்தித் தெரியாத ஆளா நான்?

என்ன தம்பி, அப்பிடிப் பாக்கீங்க? உங்களுக்கு வலி வந்துட்டா? சிரிக்கீங்களா, வலிக்கா?

இருங்க, பேரு கூப்பிடுதாங்க. ஆவுடையப்பனா? வேற ஆவுடையப்பனா இருக்கும். இந்தச் சீமையில தடுக்கி விழுந்தா ஒரு ஆவுடையப்பன் மேலதான் விழணும். அம்பாசமுத்திரம் ஆவுடையப்பன்னா கூப்பிடுதாங்க? சம்பந்தி! இங்க வாங்க. சீட்டுல உங்க பேருக்குப் பதிலா என் பேரை எழுதிட்டாங்க பாருங்க. போயிச் சொல்லுங்க.

என்ன, என் கையைப் பிடிச்சு எழுப்புதீங்க?

நீங்கதான் குடுத்தீங்களா? உங்களுக்கு ஸ்கேனே இல்லியா?

தம்பி, பாத்தீங்களா இந்த அநியாயத்தை! எனக்கு ஸ்கேன்னா நான் வரமாட்டேன்னு தெரியும். தனக்குன்னு சொன்னா நான் வருவேன்னும் தெரியும். தான் பட்டினின்னு சொன்னா நானும் பட்டினியா வருவேன்னு வரைக்கும் கணக்குப் போட்டிருக்காரு. இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்துட்டு, என்ன வேலை பாத்திருக்காரு!

இல்ல சம்பந்தி, வேண்டாம். அது வாய்வுதான். பிரமு சொதி வச்சுக் காத்துக்கிட்டு இருப்பா, வாங்க போவோம்.

என்ன சொன்னீங்க? மறுபடியும் சொல்லுங்க.

தம்பி, உங்களுக்குக் கேட்டுச்சா இவரு சொன்னது? இவருக்குச் சொதி பிடிக்கவே பிடிக்காதாம். சின்னப் பிள்ளையில இருந்தே தேங்காப்பால் வாடை ஆகாதாம். அன்னைக்குப் பந்தியில நெய்க்கிண்ணத்தோட நான் நின்ன நிலையைப் பாக்க முடியலியாம். அதுக்காகத்தான் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். "உங்க வீட்டுல ஒரு நாளும் நான் வேண்டாம்னு சொன்னதில்ல. இது ஒண்ணை எனக்காக நீங்க வேண்டாம்னு சொல்லாதீங்க"ங்காரு.

அப்ப, சம்பந்தி… இலையில சொதி விழுந்ததும் கண்ணை மூடுவீங்களே? அது சாமி கும்பிட்டது இல்லியா?

சரி. வாரேம்மா, நாந்தான் ஆவுடையப்பன். ஒண்ணும் சாப்பிடல, காப்பி கூடக் குடிக்கல. தம்பி, இந்தச் சிமிழைக் கொஞ்சம் வச்சுக்கிடுங்க. இதுக்கு உள்ள வேலை இல்ல. உங்க முறை வந்துட்டா அவருகிட்டயே குடுத்துட்டுப் போங்க.

சம்பந்தி, நீங்களும் கதவு வரைக்கும் வாங்க. எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. அப்பிடியே பிரமுவுக்கு ஒரு போன் போடுங்க. தேங்காயைத் துருவினது போதும், மூடி வச்சுட்டு ரசம் வைக்கச் சொல்லுங்க. தக்காளி போட்டே வைக்கச் சொல்லுங்க.

ரசம் பிடிக்கும்லா? மரியாதைக்குச் சொல்லக் கூடாது.